தேசிங்கு படகுக்கு வெள்ளோட்டம்

786

ஊரூர் குப்பம்,
அடையாறு, சென்னை.
24.10.1997

அன்பு நாஸியாவுக்கு, உன் மச்சான் ஹனீஃபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான் நலம். நீயும் ஹஸனும் நாகூரில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் சலாம் சொல். ஹஸனுக்குச் சளி விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மேல் கோபம் என்றால் என்னோடு இருக்கட்டும், பிள்ளையின் சளி என்ன பாவம் செய்தது?

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெசன்ட் நகர் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர். நம் வீட்டில் அடுப்படி மூலையில் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். சமையல் என்று கேட்காதே. ரசம் வைத்தேன், அதை நானே மன்னித்துவிட்டேன்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை. மாசி மாதம் நான் இன்ஜினை ரிப்பேர் பண்ணி ஓட்டிப் பார்க்கப் போன படகு நடுக்கடலில் நின்று, காற்று எங்களைப் பட்டினப்பாக்கம் வரை இழுத்துக்கொண்டு போனதும், நீ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையிலேயே ஓடி வந்ததும் எனக்கு மறக்குமா? கிண்டிக் கம்பெனி வேலைக்கே திரும்பிப் போங்க, இல்லைன்னா கடலில் கால் வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க என்றாய். சத்தியம் பண்ணினேன். அப்படியும் நீ ரயில் ஏறிவிட்டாய். போகட்டும். இன்றுவரை எந்தப் படகிலும் ஏறவில்லை. ரிப்பேருக்கு வரும் படகு இன்ஜினையெல்லாம் கடை வாசலில் தண்ணீர் ட்ரம்மில் மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

அதில்தான் வந்தது வினை. மூன்றாவது தெரு தேசிங்கு தன் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆக்சிலேட்டர் பிடி திருகவே வரவில்லை, இரண்டு கையும் போட்டாலும் அசைய மாட்டேன் என்றது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றும் இன்ஜின் எழுந்திருக்கவில்லை. பிளக்கை மாற்றினேன். கேபிளைக் கழற்றினால் அதன் வாயில் ஏதோ கட்டியாக இறுகிப்போயிருந்தது. உப்பும் துருவும் என்று நினைத்து மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டேன். பிடி வெண்ணெயாகத் திரும்பியது. ட்ரம்மில் மாட்டினேன், இழுத்ததும் உறுமியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் உறுமிக்கொண்டே இருந்தது.

கடலுக்குக் கொண்டுபோனார். அலை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பொசுக்கென்று நின்றுவிட்டது. இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. திரும்பப் பிரித்தேன், திரும்ப மாட்டினேன், ட்ரம்மில் சிங்கம். கடலில் மறுபடியும் படுத்துக்கொண்டது. தேசிங்கு கடை வாசலில் நின்று, இன்னா பாய், உன் ட்ரம்முல மட்டும் ஓடுற இன்ஜினு எனக்கு எதுக்கு, ட்ரம்முலயா மீன் கீது என்று ஊர் கேட்கக் கத்தினார். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ரிப்பேர் பண்ணவன் முதல் ஓட்டத்துல கூட வந்து குந்தணும், அதான் குப்பத்து வழக்கம், நீ மட்டும் ஏன் கரையிலயே நிக்கிற, உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லியா என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை நாஸியா.

உட்கார்ந்து யோசித்தேன். ட்ரம்மில் ஓடுகிறது, படகில் நிற்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தலையில் அடித்துக்கொண்டேன். கடையில் நான் ஆணியில் தொங்கவிட்ட என் கேனிலிருந்து இன்ஜின் ஓட எண்ணெய் விடுகிறேன். படகில் அவருடைய டேங்க். அதை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. டேங்கைத் தூக்கிட்டு வாங்கண்ணே என்றேன். மாட்டி ஓட்டினேன். சொன்ன டீ வருவதற்குள் இன்ஜின் நின்றது. டேங்க் மூடியைத் திருகினேன், புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் மேல் வட்டமாக, அழகாக, ஒரு சந்தனப் பொட்டு! நடுவில் குங்குமம்!

ஆயுத பூஜைக்கு வைத்தது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் இறங்காது என்று உம்மா எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவார்களே, அதே கதைதான். கேபிள் வாயில் இறுகியிருந்ததும் உப்பு இல்லை, சந்தனம்தான்.

அதைத் தேசிங்கின் வீட்டுக்காரி கன்னியம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு பாய் போய், நீங்க சாமிக்கு வெச்ச பொட்டுதான் கோளாறு என்றால் நன்றாகவா இருக்கும்? தயங்கித் தயங்கி, அக்கா, இன்ஜினுக்கும் மூக்கு கீதுக்கா, அதை மட்டும் விட்டுட்டு நெத்தி பூரா வைங்க என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. அய்யே, நான்தான் மூக்கை அடைச்சேனா, இத்த முன்னாடியே சொல்றதுக்கின்னா பாய் என்று வஞ்சிர மீன் துண்டு இரண்டு கொடுத்தனுப்பினார். அதையும் நான்தான் சமைத்தேன், அதனால் அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு தரம் நடுவழியில் நின்ற இன்ஜினை நம்பித் தேசிங்கு தனியாக அலை தாண்ட மாட்டேன் என்கிறார். நானும் ஏறினால்தான் எடுப்பாராம். அவர் சொல்வது நியாயம்தானே? பிள்ளைகுட்டிக்காரர். குப்பமே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் ஏறினால் கடை நிலைக்கும், ஏறாவிட்டால் இனி ஒருவரும் வர மாட்டார்கள், நான் கிண்டிக்குத்தான் பஸ் பிடிக்க வேண்டும்.

கடல் தணிகிற நாளாகப் பார்த்து, விடிந்த பிறகுதான் போவோம். பக்கத்திலேயே இன்னொரு படகு வரும். லாரி டியூப் இரண்டு காற்றடித்து வைத்திருக்கிறேன், துடுப்பும் கயிறும் இருக்கிறது. கரை கண்ணில் படும் தூரம்தான். என்றாலும் உன்னைக் கேட்காமல் ஏற மாட்டேன். உன் கடிதம் வரட்டும் என்று தேசிங்கிடம் சொல்லிவிட்டேன். இந்த முறை காய்ச்சல் என்று பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி சரின்னு சொல்லணும் என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கேட்டுக்கோ பாய், எங்க வீட்லயும் தினிக்கும் கேட்டுட்டுத்தான் எறங்குறேன் என்றார்.

நீ பயப்படுவது எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது நாஸியா. நீ இல்லாத வீடுதான் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று நீ எழுதினாலும் கோபப்பட மாட்டேன், கடையைப் பூட்டிவிட்டுக் கிண்டியில் வேலை கேட்டு நிற்பேன். சரி என்றால் நீண்ட கடிதம் வேண்டாம், ஒரு கார்டு போதும். அதில் 'போங்க' என்று மட்டும் எழுதிவிடாதே. நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வாயே, அப்படியே முழுசாக எழுது. 'போயிட்டு வாங்க' என்று எழுது.

துஆவுடன்,
உன் மச்சான்
ஹனீஃபா