டைக்காரர் காது

மார்ச் 4

புதிய தொழிற்பேட்டையில் ஷெட் கிடைத்துவிட்டது. விண்ணப்பம் எழுதியது நான். இவரை நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்ததும் நான். அகலமான சாலை, தடைபடாத மின்சாரம், குழந்தை தவழ இடம். இந்தப் பூட்டுத் தெருவில் பதினேழு பட்டறை. ஒருவர் ஸ்பிரிங் சுற்ற, ஒருவர் சாவி வெட்ட, மூச்சு முட்டுகிறது. நாங்கள் அடிப்பது பூட்டுக்குள் போகும் லீவர். அதை எங்கிருந்து அடித்தால் என்ன? பொருளாதாரம் படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமியார்கூட நம்பிவிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19

வந்துவிட்டோம். இரண்டு பக்கத்து ஷெட்டும் காலி.

ஏப்ரல் 2

அனுப்பிய லீவர் இரண்டு மூட்டையும் திரும்பி வந்துவிட்டது. ஓரமெல்லாம் பிசிறு. தகட்டை வெட்டும் டை மழுங்கியிருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தெருவில் என்றால், டை செய்து தருபவர் எதிர்ப் பட்டறையில் டீ குடித்துக்கொண்டே குரல் கொடுப்பார்: "தம்பி, சத்தம் மாறுது, நிறுத்து." பிசிறு கண்ணில் படும் முன்பே அவர் காதில் விழுந்துவிடும். நான் நிரப்பிய விண்ணப்பத்தில் அதற்கு ஏது கட்டம்?

ஏப்ரல் 3

டை விரிசல் விட்டுவிட்டது. லீவர் அடிக்கும் பிரஸ் ஓடவில்லை. ஆர்டர் கைநழுவிப் போய்விடுமோ?

ஏப்ரல் 5

குழந்தை இடுப்பில், டை பையில். இரண்டு பஸ் மாறித் தெருவுக்குப் போனேன். டைக்காரர் விரிசலைத் தடவிப் பார்த்தார். சரிசெய்து தருவதாகச் சொன்னார். நீங்களும் பேட்டைக்கு வந்துவிடுங்களேன் அண்ணா என்று கேட்டே விட்டேன்.

"நான் அங்க வந்துட்டா மத்த பதினாறு பேருக்கு யாரும்மா காது குடுப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தப்பு பண்ணிட்டேன் — எல்லாம் என்னாலதான். இதை இவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஏப்ரல் 6

சொன்னேன், திரும்பிப் போய்விடலாம் என்று. லாரிக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 17

எங்கள் பழைய இடத்துக்குச் சாவி வெட்டுபவர் குடிவந்துவிட்டார். பாதியை ஒதுக்கித் தந்திருக்கிறார், நடுவில் திரை போட்டு. பிரஸ்ஸை இறக்கத் தெருவே கை கொடுத்தது. ஸ்பிரிங் சுற்றுபவர்தான் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"என்ன முதலாளி, பங்களா புடிக்கலையா? யாரு குடுத்த யோசனை அது?"

குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான்.

"என் புத்திதான்," என்றார் இவர். "அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்குங்க, சாயுது."