மொட்டை என்று கூப்பிட்டால்

சான் லாவ்ரென்ஸ், கோஸோ
2017 ஆகஸ்ட் 21

அன்பு மகன் விஸ்டினுக்கு,

உன் அம்மா ஜூசா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை ஸ்டியேனாவும் மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம். மெல்பர்னில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று நேற்றுப் பூசையில் மெழுகுவத்தி ஏற்றினேன். அங்கே குளிர் இன்னும் விடவில்லை என்றாயே, குழந்தைக்குக் காதை மூடிக் கட்டச் சொல்.

வாராவாரம் வீடியோவில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அந்தப் போனை அப்பாதான் பிடித்துக்கொள்கிறார். உனக்கு அவர் நெற்றி தெரிகிறது, எனக்கு அவர் முழங்கை தெரிகிறது. நான் சொல்ல வந்ததை அவர் காதுபடச் சொல்ல முடியாது.

மார்ச் மாதப் புயலில் நம் ஜன்னல், கடலில் நின்ற அந்தப் பெரிய கல் வளைவு, இடிந்து விழுந்தது உனக்கு அன்றைக்கே தெரியும். அதற்குப் பிறகு அப்பா செய்ததுதான் உனக்குத் தெரியாது. வளைவு நின்ற இடத்துக்கு எதிரே, முன்பு எங்கே படகை நிறுத்துவாரோ அதே இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கையைத் தூக்கி அதன் உயரத்தைச் சொல்வார். மாலை வெயில் அதற்குள் எப்படி நுழைந்து வரும் என்று சொல்வார். பயணிகள் மரியாதைக்கு வானத்தைப் பார்ப்பார்கள். சிலர் வெறும் வானத்தைப் படமும் எடுப்பார்கள். படகுக்காரர்களில் மூத்தவரான ஸாரென் சும்மா இருப்பாரா? "நார்து, காத்தைக் காட்டிக் காசு வாங்குற ஒரே ஆளு நீதான்யா" என்று கடை வாசலில் வைத்தே சொன்னார். "நீ இருக்கிறதைக் காட்டியும் ஒருத்தனும் ரெண்டாந்தரம் வரலியே" என்று அப்பா திருப்பிக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அன்று சாப்பிடவில்லை.

பயணிகள் குறைந்தது உண்மை. பேருந்துகள் வந்து நிற்கின்றன, ஆட்கள் இறங்குகிறார்கள், ஜன்னல் இல்லாத பாறையைப் பார்த்துவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். பாறைச் சுவருக்கு இந்தப் பக்கம், உள்கடலில் படகுகள் கயிற்றோடு ஆடிக்கொண்டிருக்கின்றன.

ஸ்டியேனா அப்போதுதான் நம் பழைய துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஏப்ரல் தண்ணீரின் குளிர் உனக்குத் தெரியும். முகக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெனரல் பாறை முதல் முதலைப் பாறை வரை, அதையும் தாண்டி வடக்கே, ஒவ்வொரு பொந்திலும் தலையை விட்டுப் பார்த்தாள். எந்தக் குகைக்குள் காலை வெயில் விழுந்தால் தண்ணீர் நீலமாகிறது, எதில் கூரையெல்லாம் கருஞ்சிவப்புப் பாசி, எந்தப் பாறையைத் தெற்கேயிருந்து பார்த்தால் தாடிக்கிழவன் முகம், வடக்கேயிருந்து பார்த்தால் வெறும் கல், எல்லாம் இப்போது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் உதடு நீலம் பாரித்து வந்தாள். அடுப்பருகே உட்கார வைத்து சூப்பு கொடுத்தேன். இரண்டாவது கரண்டியிலேயே ஒரு குகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அப்பா மீன்முள்ளை எடுத்துக்கொண்டே, "கடலுக்கு வேவு பாக்கிறா" என்றார். ஆனால் அவள் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

படகு ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டாள். முதல் முயற்சியிலேயே. அப்பாவுக்கு இரண்டாவது முயற்சியில்தான் கிடைத்தது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை, அவளே சொல்லிக்கொள்கிறாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அப்பாவின் கண்ணில் புரை. நிழலில் நன்றாகத் தெரிகிறது. இருட்டுக் குகையிலிருந்து திடீரென்று வெயிலுக்கு வந்தால் கண் கூசி எல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. ஜூன் மாதம், உள்கடலிலிருந்து பாறையைத் துளைத்து வெளிக்கடலுக்குப் போகும் சுரங்கத்தின் வெளிவாயில் படகின் இடதுபக்கத்தைப் பாறையில் உரசிவிட்டார். யாருக்கும் அடியில்லை. பெயின்ட் அடித்து மறைத்தார். என்னிடம் மறைக்க முடியுமா? புதுப் பச்சையும் பழைய பச்சையும் ஒன்றா? அறுவைச் சிகிச்சைக்கு அக்டோபரில் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகும் அவர் சுரங்கத்துக்குள் படகு ஓட்டக் கூடாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அப்படியானால் படகுக்காரர்கள் வரிசையில் நம் இடம்? அப்பனுக்குப் பிறகு மகன் என்பதுதான் இங்கே வழக்கம். நீ விமானம் ஏறியபோது, "அவன் வருவான், இடம் அவன் பேர்ல இருக்கட்டும்" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். அவர்களும் சரி என்றார்கள். அன்று முதல் அந்த இடம் உன்னுடையது. ஸ்டியேனாவுக்குக் கொடுக்கலாமா என்று நானே போய் ஸாரெனிடம் கேட்டேன். "இடம் விஸ்டினோடது. அவன் வாயால சொல்லட்டும்" என்றார். அதோடு விட்டாரா? "அதுவும் போக, பொம்பளைப் புள்ள சுரங்க வாசல்ல நின்னு மொட்டைன்னு கூப்பிட்டா, உள்ள வர்றவன் சிரிச்சே பாறையில முட்டிருவான்" என்றார். ஒரு படகுக்கே இடமுள்ள சுரங்கத்தில் நுழையுமுன் அவரவர் குடும்பப் பட்டப்பெயரைக் கூவ வேண்டும் என்பது வழக்கம்; உன் கொள்ளுத்தாத்தாவுக்கு முடி கொட்டி நமக்கு மொட்டை என்று பேர் வந்ததற்கு என் மகள் என்ன செய்வாள்?

உன்னிடம் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும், அதனால்.

நேற்று நடந்ததைக் கேள். திருவிழாக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. நான் அப்பாவுக்கும் ஸ்டியேனாவுக்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தேன். பிரான்சிலிருந்து வந்த ஆசிரியைகள் ஆறு பேர் நம் படகில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றார். அவிழ்க்கவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுப் பளபளத்தது. ஸ்டியேனா அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கி அவிழ்த்தாள், பின்னால் போய் எஞ்சின் பிடியில் கை வைத்தாள். "அப்பா, முன்னால உக்காருங்க. அம்மா, நீயும் ஏறு" என்றாள். நான் ரொட்டிக் கூடையோடு ஏறிவிட்டேன்.

உள்வாயில் அப்பாவே, பழக்கத்தில், "மொட்டை" என்று கூப்பிட்டார். உள்ளே யாரும் இல்லை. நுழைந்தோம்.

வெளியே அவள் ஜெனரல் பாறையைக் காட்டினாள், தாடிக்கிழவனைக் காட்டினாள். பிறகு ஜன்னல் நின்ற இடத்துக்கு வந்தோம். அப்பாவின் கை தானாக மேலே எழும்பியது. அவளோ அவர் நிறுத்தும் இடத்தில் நிறுத்தாமல் இன்னும் உள்ளே போய், வளைவுக்கு நேர் கீழாக இருந்த தண்ணீரில் எஞ்சினை அணைத்தாள். அப்பா ஆக்டோபஸ் பிடிக்க வைத்திருக்கும் அடியில் கண்ணாடி பதித்த வாளியை எடுத்துத் தண்ணீரில் வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னாள். முதல் ஆசிரியை பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே தோழியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

எல்லோரும் பார்த்து முடித்ததும் வாளியை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்றார்.

"பாருங்கப்பா. ஜன்னல் எங்கயும் போகல. படுத்திருக்கு, அவ்வளவுதான்."

ஜன்னல் விழுந்த பிறகு அவர் ஒரு தடவைகூடக் கீழே பார்த்ததில்லை, விஸ்டின். குனிந்து வாளிக்குள் முகத்தை வைத்தார். வாளிக்குள் நிழல், கண் கூசாது. வெகுநேரம் எழவில்லை. நானும் பிறகு பார்த்தேன். வீடு உயரத்துக் கற்கள், பிளந்த இடமெல்லாம் இன்னும் வெள்ளையாக. அவற்றின் இடுக்குகளில் மீன்கள், திருவிழாக் கூட்டம் தெருவில் போவதுபோல் நுழைந்து வெளிவந்துகொண்டிருந்தன. அப்பா நிமிர்ந்தபோது, "மேல் கல்லு உடையவே இல்ல, ஜூசா" என்று மட்டும் சொன்னார். முகம் நனைந்திருந்தது. வாளியில் தண்ணீர் இருந்திருக்கும்.

திரும்பும்போது வெளிவாய். உள்ளே ஒரு படகின் சத்தம் கேட்டது. யார் கை பிடியில் இருக்கிறதோ அவர்தான் கூப்பிட வேண்டும். அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். ஸ்டியேனா கூப்பிட்டாள்: "மொட்டை."

உள்ளே எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள், இந்தத் தடவை சுரங்கம் முழுவதும் அதிர.

உள்ளேயிருந்து ஸாரெனின் குரல் வந்தது: "எந்த மொட்டை?"

"தலை நிறைய முடி இருக்கிற மொட்டை, மாமா."

சிரிப்பு, அவருடையதும் அவர் படகிலிருந்தவர்களுடையதும், பாறையில் பட்டுப் பட்டு வந்தது. அதற்குப் பின்னால், வழக்கமான கரகரப்பில், தன் குடும்பப் பட்டப்பெயரோடு: "பூசணி வர்றேன். மொட்டை, வெளிய நில்லு."

நில்லு என்றார், விஸ்டின். அப்பாவிடமும் அவருடைய அப்பாவிடமும் இந்த வாயில் எப்படிச் சொல்வார்களோ அப்படி. அவள் நிறுத்தி வழிவிட்டாள். ஸாரென் நம்மைக் கடந்து போகையில் பாறையில் முட்டவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். குடும்பப் பெயருக்கு அந்தப் படகில் அவர் தலை ஒன்றுதான் சாட்சி. அது வெயிலில் மின்னியது.

கரையில் ஸாரென் காபி வாங்கிக் கொடுத்தார், அவளுக்கு மட்டும். "குரல் சுரங்கத்துல நல்லாத்தான் போகுது. ஆனா இடம் விஸ்டினோடது" என்று மறுபடியும் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த வார்த்தையைக் காக்கிறார்.

இன்று காலை அப்பா கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடி வெட்டி வாங்கி வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து இன்னும் இரண்டு வாளிகளுக்கு அடி போட்டுக்கொண்டிருக்கிறார். சுத்தியல் சத்தத்துக்கு நடுவேதான் இதை எழுதுகிறேன்.

மகனே, ஸாரெனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. இடம் என் தங்கைக்கு என்று சொன்னால் போதும். வேறு எதையும் சொல்ல வேண்டாம், அப்பாவிடம் எதையும் விளக்கவும் வேண்டாம். உனக்கு அங்கே வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, பிள்ளை அந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் இரண்டு பிள்ளைகளும் தங்கள் கையால் பிழைக்கிறார்கள். எனக்கு அது போதும்.

உன் பங்குக்குக் கேப்பர் செடியின் மொட்டு உப்பில் போட்டு வைத்திருக்கிறேன், பார்சலில் வரும். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் கூட்டிக்கொண்டு வா. பயணியாக வா. அண்ணனிடம் முழுக் கட்டணம் வாங்குவேன் என்று ஸ்டியேனா சொல்லச் சொன்னாள். சுரங்க வாயில் பேத்தியை ஒருமுறை கூப்பிடச் சொல். எந்த நாட்டுக் குரலில் மொட்டை என்று கூப்பிட்டாலும் உள்ளேயிருந்து பதில் வரும்.

கடலும் காற்றும் உங்களுக்கு வழிவிடட்டும்.

உன் அம்மா,
ஜூசா