பின்னால் ஒரு ஆள் இடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் வேலைக்குப் போகவில்லை. கண்ணாடிக்கடை முதலாளி போன் செய்தார். "மாட்ட வேண்டிய லென்ஸ் குவிஞ்சு கிடக்குதும்மா. ஆனா மெதுவா வாங்க." சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று தெரியவில்லை.

மார்ச் 7

பதினாறாம் தேதி வாக்கெடுப்பு. ஓட்டுப் போடுவது கட்டாயம் என்ற சட்டம் நீடிக்கலாமா, வேண்டாமா என்று கேட்கிறார்கள். அதற்கும் கட்டாயம் போக வேண்டும்! சொல்லிச் சிரிக்க அவர் இல்லை. போன மாதம் போய்விட்டார். இங்கே எழுதியாவது வைக்கிறேன்.

மார்ச் 9

சட்டம் வருவதற்கு முன் தேர்தல் நாளில் வீட்டில்தான் இருப்போம். அவர் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி. "நம்ம ஓட்டு ஒண்ண ஒண்ணு அடிச்சிடப் போகுது, எதுக்கு வெயில்ல நிக்கணும்?" என்பார். ஒரு தடவை பால் வாங்கப் போகிறேன் என்று போய், விரலில் மையோடு வந்தார். திருடன்! நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

கட்டாயச் சட்டம் வந்ததில் அவருக்குக் கொண்டாட்டம். தடியால் அடித்துக் கனிய வைத்த பழம் இனிக்குமா என்று கேட்டேன். "பசிச்சவன் அதையும் தின்பான்டி" என்றார்.

மார்ச் 13

ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 15

நாத்தனார் வந்தாள். "அண்ணி, துக்கம்னு சொன்னா விட்டுடுவாங்க. ஆனா நேர்ல போய் நம்ம வாயாலயே சொல்லணுமாம்." அதை நான் வாயால் சொல்வதா? அதற்குப் பதில் ஓட்டே போட்டுவிடலாம். "போறதுதான் போறீங்க, அண்ணன் ஆசைப்படி போட்டுடுங்க" என்றாள்.

மார்ச் 16

எப்போதும் என்னை வாசலில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்தப் போவார். நான் வரிசையில் இடம் பிடித்து நிற்பேன். இன்று பின்னால் வந்தவரிடம், "இங்க ஒருத்தர் வருவார், வண்டி நிறுத்தப் போயிருக்கார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் —

அந்த மனிதர் நல்லவர். ஒரு ஆள் இடம் விட்டே நின்றார். வரிசை நகர நகர அந்த இடமும் என் பின்னாலேயே வந்தது. நான் திரும்பவே இல்லை. எப்படித் திரும்பறது? என்னன்னு சொல்றது?

உள்ளே போய் 'வேண்டாம்' என்றே போட்டேன். பாவம் பார்த்து அவர் பக்கம் போட்டிருந்தால் அவருக்கே கோபம் வந்திருக்கும். என் ஓட்டை அடிக்க ஆளில்லை. வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன். இத்தனை நாள் வராத அழுகை.

மார்ச் 18

சட்டம் நீடிக்கிறதாம். அவர் பக்கம்தான் ஜெயித்தது, அவர் ஓட்டு இல்லாமலே. இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு ஆளைக் கையில் பிடிக்க முடியாது.

கடைக்குப் போனேன். கண்ணாடி வாங்க வந்த அம்மா என் விரல் மையைப் பார்த்து, "உங்க வீட்டுல எல்லாரும் போட்டாச்சா?" என்றார்.

"வீட்டுக்காரர் இறந்துட்டார். நான் மட்டும் போட்டேன்."

என் வாயால்தான் சொன்னேன். பிறகு அந்த அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.