ஒன்பதாம் தகட்டின் பொருட்டு வெண்குன்றக் கோட்டைக்கு விடுத்த ஓலை

நலம் பெருகுக; எல்லை நிலைக்க. மேகங்கள் வழிகேட்டுக் கடக்கும் ஏழு சிகரங்களுக்கும் உரியவராகிய கூதிர்மலை நாட்டு மாமன்னர் முகிற்கோவின் திருவாய்மொழியைத் தலைமேற்கொண்டு, பேரமைச்சன் நெடுங்கண்ணன், வடஎல்லை காக்கும் வெண்குன்றக் கோட்டைத் தலைவர் ஏனாதி வல்லங்கிழாருக்கு எழுதுவது. உமது வாளும் வீரரும் குதிரைகளும் நலமாயிருக்க. உமது இல்லத்தாரும் நலமாயிருக்க என்று வழக்கமாக எழுதும் வரியை இம்முறை வெறும் வழக்கமாக எழுதவில்லை. காரணத்துக்கு முன் கட்டளையை எழுதலாகாது என்பது நம் நாட்டு மரபு. இல்லையேல் கட்டளையை முதல் வரியிலேயே எழுதியிருப்போம். ஆகையால் விரைந்து படியும்.

உமது ஓலை நேற்று வந்தது. வெந்நீர்க் கொட்டிலில் அடுப்பு மூட்டும் கொற்றி என்பவள், மறைந்த பெருமன்னரின் சாளரத் தகடுகளை மூச்சுப்பள்ளத்திலிருந்து எடுத்துவந்து தன் புழக்கடையில் செடிகளுக்கு வீடு கட்டினாள் என்றும், அவளை விலங்கிட்டுப் புழக்கடைக்கு முத்திரை வைத்தீர் என்றும், வரும் நிறைமதியன்று அவளை அதே பள்ளத்தில் தள்ள இசைவு வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். சட்டம் உமக்கும் தெரியும், எமக்கும் தெரியும். மன்னர் உயிர்நீத்த அறையின் சாளரங்களை அன்றே கழற்றிப் பள்ளத்தில் இடுவது, அவர் மூச்சு தடையின்றி வானேகுவதற்காக. அவற்றை மீண்டும் சுவரில் பொருத்துபவர் அம்மூச்சைச் சிறைவைத்தவர். அதற்கு ஏவியவருக்கும், அதனால் விளைந்த பயனை உண்டவருக்கும் அதே தண்டனைதான். பெருமன்னர் உமது கோட்டையில் கண்மூடிய அன்று அச்சாளரங்களைக் கழற்றிய கைகளுள் எம் கைகளும் இருந்தன.

இனி நீர் அறியாததைக் கேளும். கொற்றி துணிச்சல்காரி அல்லள். இடி இடித்தால் கொப்பரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவள் என்று கோட்டை முழுதும் அவளைக் கேலி செய்யும். அப்படிப்பட்டவள், பனி இறங்கிச் சமவெளிக்குச் செல்லும் கணவாய் அடைபட்டதும், எவரும் எட்டிப்பார்க்கவும் அஞ்சும் அப்பள்ளத்தின் சரிவில் பட்டப்பகலில் தவழ்ந்து இறங்கினாள். ஒளியை உள்ளே விட்டுக் குளிரை வெளியே நிறுத்தும் காக்காப்பொன் தகடுகள் ஒன்பது அங்கே உடையாமல் கிடந்தன. ஒரு நடைக்கு ஒன்றாகத் துணியில் சுற்றி, முதுகில் கட்டிச் சுமந்து ஏறினாள். ஒவ்வொரு முறையும் பின்னால் யாரோ மூச்சு வாங்குவதுபோல் கேட்டதாம். நின்று கவனித்தால் அது அவள் மூச்சேயாம்.

யானைக் கொட்டிலில் கழித்துப்போட்ட மூங்கிலைக் கால்களாக நட்டாள். உடைந்த பல்லக்கின் கைம்மரத்தை விட்டமாக ஏற்றினாள். தகடுகளைத் தெற்கு வெயில் விழும்படி சாய்த்துப் பொருத்தி, இடுக்குகளில் களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து அப்பினாள். குனிந்து நுழையலாம், நிமிர முடியாது. அவ்வளவே அதன் உயரம். ஓட்டை விழுந்த கொப்பரை ஒன்றை நடுவில் வைத்து, காலையும் மாலையும் கொட்டிலிலிருந்து தணல் கொண்டுவந்து இட்டாள். உள்ளே இருந்தவை பனிக்கு முன்பே சமவெளியிலிருந்து வந்த ஆறு தூதுவளைக் கொடிகள். பனி தொட்டால் ஒரு பொழுதில் கருகிவிடும் அக்கொடிகள், வெளியே குதிரைத் தொட்டித் தண்ணீர் கல்லாய் உறைந்த நாட்களில் அவள் புழக்கடையில் தளிர்விட்டன.

அவளைக் காட்டிக்கொடுத்தது அவள் அச்சமே. தகடுகள் ஒவ்வொன்றிலும் அரசரின் வரையாட்டு இலச்சினை தீட்டப்பட்டிருந்தது. எட்டுத் தகடுகளில் அதை அரிவாள் முனையால் சுரண்டிவிட்டாள். ஒன்பதாவதை எடுத்தபோது ஆட்டின் கண் தன்னையே பார்ப்பதாகத் தோன்ற, அரிவாளைக் கீழே போட்டு, அதன்முன் விழுந்து கும்பிட்டு, இலச்சினை உட்புறமாக இருக்கும்படி திருப்பிப் பொருத்தினாள். மன்னருக்கு முதுகு காட்டாமல் மன்னரையே முதுகு காட்டச் செய்துவிட்டேனே என்று அன்று முழுதும் சோறு இறங்கவில்லையாம், பாவம். எப்புறம் திருப்பினாலும் வெயில் அதே நிழலைத்தான் வரையும் என்பது அவள் அறிவுக்கு எட்டவில்லை. நீர் அவ்வழியே போனீர். புழக்கடையின் மண்சுவரில் வரையாடு நிற்கக் கண்டீர்.

எவருக்காகச் செய்தாய் என்று மும்முறை கேட்டதாகவும், மும்முறையும் ‘எனக்குத்தானுங்க, நெஞ்சுச் சளிக்கு’ என்றே சொன்னதாகவும், கொல்லன் துருத்திபோல் நெஞ்சு படைத்தவள் பொய் சொல்கிறாள் என்றும் எழுதியிருந்தீர். அவள் சொன்னது பொய்தான், ஏனாதியாரே. அந்தப் பொய்யால்தான் உமது குடி இன்னும் உயிரோடிருக்கிறது.

தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட உமது துணைவியார் நீலநங்கையார் அங்கே போகவில்லை. பனிச்சரிவில் மூன்று நாள் நடந்து, கால் வெடித்து, இன்று காலை அரசமாதாவின் அடிகளில் வந்து விழுந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்: ‘கொற்றி கையப் பிடிச்சிக் கெஞ்சினது நான்தான் தாயே. எயினிக்கு மூச்சு இழுக்கிறப்போ விலா எலும்பு எண்ணிரலாம், அப்படி இழுக்கும். அவர்கிட்ட சொன்னா சட்டம்னு நிப்பார். அவ என் பேரச் சொல்லாம விலங்கோட போறா. நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.’

ஆம், உம் மகள் எயினி. காவல் தெய்வத்துக்கு நீர் கிடா வெட்டியதால் இவ்வாண்டு இழுப்பு தணிந்தது என்று அவையில் பெருமைப்பட்டீரே, அது அந்தக் கொடிகளின் சாற்றால் தணிந்தது. எழுதப்பட்ட சட்டத்தின்படி பள்ளத்தில் தள்ளப்பட வேண்டியவர் மூவர். மூன்றாமவருக்கு வயது ஏழு. இதை அவையில் யாமே படித்தோம்.

மாமன்னர், தம் தந்தையார் கடைசி மூன்று நாள் மூச்சுக்குத் தவித்ததைத் தாம் அருகிருந்து கண்டதாகவும், அந்தத் தவிப்பிலிருந்து ஒரு குழந்தையைக் காத்த தகடுகளைத் தந்தையார் தாமே கழற்றிக் கொடுத்திருப்பார் என்றும், இச்சட்டம் இன்றோடு ஒழிந்தது என்றும் அருளிச்செய்தார்.

ஆகவே கட்டளை. இவ்வோலை கண்ட கணமே கொற்றியின் விலங்கை உமது கையாலேயே நீக்குக. அவளிடம் மன்னிப்புக் கேட்பதும் கேளாததும் உமது பெருந்தன்மைக்கு விட்டோம்; ஆனால் செடி வளர்க்கும் முறையை அவள் சொல்லச் சொல்லக் கேட்டு, பனி நீங்கும் வரை காலையும் மாலையும் அக்கொப்பரைக்கு நீரே தணல் சுமப்பீராக. பணியாளர் கையில் கொடுக்கலாகாது.

நீர் புழக்கடைக்கு முத்திரை வைத்து இன்றோடு ஐந்து நாள். இவ்வோலை உம்மை அடைய இன்னும் இரண்டு நாளாகும். அவ்வேழு நாளும் அங்கே தணல் இடுவார் எவருமில்லை. முத்திரை விழுமுன் பறித்து எயினிக்கென வீட்டில் வைத்துவந்த இலை அன்றிலிருந்து ஆறு நாளுக்குத்தான் வரும் என்கிறார் நீலநங்கையார். ஓடுபவரில் சிறந்தவனையே அனுப்பியிருக்கிறோம்.

கூதிர்மலையின் வரையாட்டு முத்திரை இதன்மேல் இடப்பட்டது. இதை மீறுவோர் இம்மலையில் நிழலும் நீரும் பெறார். ஒரு தளிரேனும் உயிரோடிருந்தால் உடனே தீ மூட்டி எமக்கு ஆளனுப்பும். ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்வது என்று மன்னரைக் கேட்டோம். அதற்குத் தம்மிடம் கட்டளை இல்லை என்றார்.