காட்டுப் படத்தில் மூன்று பொய்கள்

3.4.1942, வெள்ளி

என் மனைவி யோகம்மாவின் பிடிவாதத்தால் நேற்றுப் பின்னேரம் நகரத்துக் கொட்டகையில் ஓர் ஆங்கிலப் படம் பார்த்தோம். காட்டில் வழிதவறிய ஒரு வெள்ளைக்காரக் கிளாக்கரும் அவன் மனைவியும். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கொப்பி திருத்தியவன் நான். பிழையைக் கண்டால் குறிக்காமல் இருக்க முடிவதில்லை. ஒவ்வொன்றாக விளக்குவேன்:

1. புலி பொய்.
2. முகம் பொய்.
3. கோழை திரும்பி வந்தது பெரும் பொய்.

5.4, ஞாயிறு

முதலாவது. கதாநாயகன் சட்டையைக் கழற்றி முடிக்கும்வரை புலி காத்திருந்தது. என் வகுப்பில் அவ்வளவு அடக்கமான பிள்ளை ஒன்றும் இருந்ததில்லை. வாலும் அசையவில்லை, வைக்கோல் அடைத்தது. அப்படித்தானா? உயிருள்ள புலியை நான் கண்டதில்லையே.

கொழும்பில் இன்று குண்டு போட்டார்களாம்.

7.4, செவ்வாய்

இரண்டாவது. ஒன்பது நாள் பட்டினி, முகத்தில் ஒரு மயிர் இல்லை. காட்டில் சவரக்காரன் இருந்தால் பக்கத்தில் சோற்றுக்கடையும் இருந்திருக்குமே.

8.4, புதன்

மூன்றாவது. கால் முறிந்த மனைவியை மரத்தடியில் விட்டுத் தண்ணீர் தேடிப் போகிறான். தப்பும் வழி கிடைக்கிறது. படம் முழுக்க நடுங்கியவன் அதை விட்டு அவளிடம் திரும்புகிறான்! சனம் கைதட்டியது. கோழை திரும்பமாட்டான். எனக்குத் தெரியும் – அறுபத்தெட்டு வருட அனுபவம்.

"நீங்கள் எண்டால் வருவியளோ?" என்று யோகம்மா கேட்டாள்.

கண்ணாடியைத் துடைத்தேன்.

9.4

குண்டு. துறைமுகப் பக்கம் எரிகிறது. எங்கள் ஊர் பாலையூற்றே காட்டுக்குள் ஓடுகிறது. நாங்களும்.

12.4, ஞாயிறு. கந்தளாய்

அன்று நடந்ததை இன்றுதான் எழுதுகிறேன். காட்டுக்குள் நுழைந்ததும் யோகம்மா ஓர் இலைக் குழையை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டாள், வழித்துணைக்குப் பிள்ளையாருக்கு. படித்தவன் அல்லவா, சிரித்தேன்.

மத்தியானம், காய்ந்த யானைக் காலடிக் குழியில் அவள் கால் மடங்கியது. நடக்க ஏலாது. தண்ணீரும் இல்லை, உதடு வெடித்துவிட்டது. செம்போடு நான் தனியே போனேன். பயம். பிள்ளையாருக்கு ஒரு குழை போதும். நான் திரும்பிய இடமெல்லாம் தொங்கவிட்டேன். நாற்பத்தொன்று. எண்ணினேன்.

வண்டிப் பாதை வந்தது. மரக்கறி வியாபாரி முஹம்மது தம்பி குடும்பத்தோடு கந்தளாய்க்குப் போய்க்கொண்டிருந்தார். செம்பை நிரப்பித் தந்தார்.

"ஏறுங்க மாஸ்டர், ஒராளுக்குத்தான் இடம் இரிக்கு. நிண்டு கதைக்க ஏலா, திரும்பவும் வருவானுகள்."

ஒரு காலை வண்டியில் வைத்தேன்.

பிறகு? கந்தளாயில் யாரிடம் போவேன்? கறிக்கு உப்புக் காணுமா என்பதைக்கூட அவளிடம் கேட்டே அறிகிறவன். அந்தப் பயம் குண்டைவிடப் பெரிதாக வந்தது. இறங்கினேன். காட்டுக்குள் மனுசி இருக்கிறா என்று அப்போதுதான் சொன்னேன். அப்போதுதான்!

குழைகளைப் பார்த்துப் பார்த்து அவளிடம் வந்துசேர்ந்தேன். மறுநாள் முஹம்மது தம்பியே வண்டியோடு வந்து எங்களை ஏற்றினார்.

14.4, செவ்வாய்

வருடம் பிறந்துவிட்டது. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி இன்னும் எரிகிறதாம். நாங்கள் தங்கியிருக்கும் இந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் யோகம்மா எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறாள்: "அசல் படத்திலை வந்த மாதிரி! என்ரை மனுசன் வண்டியை விட்டிட்டு வந்தவர்."

பொறுக்க முடியவில்லை. தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "ஒரு காலை வண்டியிலை வைச்சனான், யோகம்."

"தெரியும். தம்பி சொன்னவர். ஒரு கால்தானே?" என்றாள். "முதலிலை அந்தத் தாடியை வழியுங்கோ. பார்க்கச் சகிக்கேல்லை."

ஐந்து நாள் தாடி. ஆக, இரண்டாவது குறிப்பு சரி.

மூன்றாவது பிழை. கோழையும் திரும்பி வருவான் – தனியே தப்பிப் போகப் பயந்து.