இஞ்சுப் பக்கம் அளந்த நிலம்

என் பாப்பாத்திக்கு,

என்னைக் கைநாட்டுக்காரனாகவே விட்டுவிட்டுக் கண்ணை மூடினாய். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன், மாலை வகுப்பில் கற்றது. ஒரு வரிக்கு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது.

நம் சுவர் விரிசல் நினைவிருக்கிறதா? "சாயப்பட்டறைக்காரங்க போர் போட்டுத் தண்ணிய உறிஞ்சறாங்க, பூமி எறங்குதுங்க மாமா" என்பாய். விரிசல் அகன்றால் கிழிந்து காட்டட்டும் என்று அதன் குறுக்கே பசை தடவிக் காகிதம் ஒட்டினாய். நான் சிரித்தேன்.

நிலம் இறங்குகிறதா என்று பார்க்கப் போன வருடம் கல்லூரியிலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். நம் வாசலில் கல் நட்டு, அதன்மேல் முக்காலி நிறுத்திக் கருவியை வைத்தாள். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை அது பிடித்து வைக்கும். கல்லுக்கு மேல் கருவி எவ்வளவு உயரம் என்று அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. போன தையில் ஒருமுறை, இந்தத் தையில் ஒருமுறை.

அவள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதையும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வானத்தில் தாழ்வாக வரும் செயற்கைக்கோள்களையும் தென்னை மறைத்தவற்றையும் தள்ளிவிட வேண்டும். தூரத்துப் பாறையில் வைத்த இன்னொரு கருவியோடு ஒப்பிட வேண்டும். அதில் வரும் கருவியின் உயரத்திலிருந்து நான் எழுதிய உயரத்தைக் கழித்தால் நிலத்தின் உயரம்.

"அய்யா, ஒரு வருசத்துல ரெண்டரை அடி எறங்கிருக்குதுங்க" என்றாள்.

"அப்படின்னா எங்கூட்டு வாசப்படி எங்கீங்க அம்மணி போச்சு?"

அவள் சிரிக்கவில்லை. நம் பையன், "ஊட்ட வித்துட்டுப் பல்லடம் போயர்லாமுங்கப்பா" என்றான்.

நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த வருடம் 125, செல்வி கொடுத்த டேப்பில் அளந்தது. போன வருடம் 48. இரண்டு முறையும் முக்காலி என் மார்பு வரை நின்றதே? அப்போதுதான் விளங்கியது. போன வருடம் அளந்தது என் பனியன் கம்பெனி டேப்பில்; அதில் ஒரு பக்கம் இஞ்சு, மறுபக்கம் சென்டிமீட்டர். முப்பது வருடம் துணி அளந்த கண், இஞ்சுப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறது. அவள் அதைச் சென்டிமீட்டர் என்று போட்டுவிட்டாள்.

"எப்படிங்கய்யா கண்டுபுடிச்சீங்க?" என்றாள் செல்வி.

"நாம் பண்ணுன தப்பு எனக்குத் தெரியாதுங்களா?"

திருத்திப் போட்டோம். நிலம் அசையவே இல்லை!

ஆனால் நீ ஒட்டிய காகிதம் கிழிந்திருக்கிறது. நிலம் நிற்க, சுவர் மட்டும் நகர்கிறது. அஸ்திவாரம் தோண்டியவன் நான். இன்னும் ஒரு முழம் தோண்டச் சொன்னார் கொத்தனார், நீயும் கேட்டாய்; நான் தோண்டவில்லை. என்னைக் குறை சொல்ல மனமில்லாமல்தான் பூமியைச் சொன்னாயா?

வீட்டை விற்க மாட்டேன். சித்திரைக்குள் அந்த மூலையைத் தோண்டிக் கல் கட்டுவேன். புதுக் காகிதம் ஒட்டி, தேதியை என் கையால் எழுதுவேன்.

சென்டிமீட்டர் பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்ட
உன் வீட்டுக்காரன்