நிறம் மாறாத மூன்று

திருமலைராயன்பட்டினம்
12 ஜனவரி 2024

அன்புக் கரொலின்,

போனில் பேசினால் இருவருக்கும் கோபம்தான் வருகிறது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன். பிரான்ஸில், உன் துலூஸில், குளிர் எப்படி? குட்டி கிளோயேவுக்குச் சளி விட்டதா?

நாம் சேர்ந்து உருவாக்கிய வெள்ளைச் சோதனைப் பட்டைகளில் இருநூறு என் கொட்டகையில் தயாராக இருக்கின்றன. மீன் அழுகி விஷவாயு சேர்ந்த படகு அறைக்குள் இறக்கினால் இரண்டே நிமிடத்தில் கறுத்துவிடுகின்றன. நேற்று பட்டினச்சேரியிலிருந்து படகுக்காரர் முருகானந்தம் வந்தார். "அக்கா, ரெண்டு குடுங்க. கறுத்தா எறங்கமாட்டோம், அவ்ளோதானே?" என்றார். "இன்னும் முடியலைங்க" என்று அனுப்பிவிட்டேன். இருந்த வேலையை விட்டு கம்பெனி தொடங்கியவள் சொல்கிற பேச்சா இது? சோதனை முடிந்தது என்று நீ கையெழுத்துப் போட்டால் நாளைக்கே கொடுப்பேன்.

உன்
சித்திக்கா


துலூஸ்
20 ஜனவரி 2024

அன்புள்ள சித்திக்கா,

கிளோயே தேறிவிட்டாள். உன் அவசரம்தான் தேறவில்லை.

வெக்கையும் உப்பு ஈரமும் கூடினால் சில பட்டைகள் கறுப்பதில்லை. காரணம் இன்னும் பிடிபடவில்லை. பட்டை இல்லாதவர் பயந்துகொண்டே இறங்குவார். வெள்ளைப் பட்டையைப் பார்த்தவர் பயமில்லாமல் இறங்குவார். எனக்கு அதுதான் கவலை. இன்னும் முந்நூறு சோதனைகள் பாக்கி. நம் ஆய்வுக் கட்டுரை ஜூனில் வரும். அதுவரை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. கோபிக்காதே, டீ.

கரொலின்


திருமலைராயன்பட்டினம்
19 ஏப்ரல் 2024

கரொலின்,

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகுகளைக் கழுவ ஆரம்பித்தார்கள். முருகானந்தம் முதல் ஆளாக அறைக்குள் இறங்கினார். மேலே எடுத்தபோது உயிர் இல்லை.

அவர் மனைவி தையல்நாயகி என்னைப் பார்த்து, "ஒங்ககிட்ட கேட்டுட்டு வந்தாரே" என்றாள். கொட்டகைக்குள் கால் வைத்தாலே "ரெண்டு குடுங்க" என்று கேட்கிறது, கரொலின். பட்டப்பகலில் கேட்கிறது.

பட்டைகள் அத்தனையையும் படகுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும் முன் பட்டை உறைகளில் இருந்த உன் பெயரை மையால் அடித்துவிட்டேன். உனக்கு இனி பயமில்லை.

சித்திக்கா


துலூஸ்
6 மே 2024

சித்திக்கா,

அவர் இறந்த நாளின் வெக்கையையும் ஈரத்தையும் ஆய்வகத்தில் உண்டாக்கி, பத்துப் பட்டைகளை வைத்துப் பார்த்தேன். ஏழு கறுத்தன. மூன்று அப்படியே வெள்ளையாக இருந்தன. மறுநாளும் அதே கணக்கு. அதற்கடுத்த நாளும்.

அவர் கையில் எது வந்திருக்கும்? கண்ணாடிக் குடுவைக்கு அந்தப் பக்கம், நான் பார்த்தேயிராத ஒருவர் நிற்பதுபோல் இருக்கிறது. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

கரொலின்


திருமலைராயன்பட்டினம்
25 மே 2024

கரொலின்,

உன் கடிதத்தைத் தையல்நாயகிக்குப் படித்துக் காட்டினேன். "அந்த ஏழுல ஒண்ணு அவுருக்குக் கெடைச்சிருக்கும்ல?" என்று கேட்டாள்.

"கெடைச்சிருக்கும்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லையாம். அப்படிச் சொன்னால் பழி, கொடுக்காமல் அனுப்பிய என்மேல்தான் விழும். தெரிந்துதான் சொன்னேன். நீயாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டாய். நம் இருவருக்கும் இதற்குமேல் எழுத என்ன இருக்கிறது?

சித்திக்கா


துலூஸ்
8 ஜூன் 2024

சித்திக்கா,

உண்மைதான். 'தெரியாது' என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியாது.

நீ கொடுத்த இருநூறில் அறுபது வெள்ளையாகவே இருந்துவிடலாம். அவை எந்தெந்தப் படகில் இருக்கின்றன என்ற நினைப்பு வகுப்பெடுக்கும்போதுகூட விடுவதில்லை. தடை முடிய இன்னும் ஆறு நாள். புதன்கிழமை அங்கே இருப்பேன். படகு படகாக ஏறி, "பட்டை வெள்ளையா இருந்தாலும் நம்பாதீங்க, இடுப்புல கயிறு கட்டாம, மேல ஆள் இல்லாம எறங்காதீங்க" என்று என் வாயால் சொல்ல வேண்டும். நீ என்கூட வர வேண்டாம். பட்டை வாங்கிய படகுகளை அடையாளம் மட்டும் காட்டு.

உறைகளில் என் பெயரைத் திரும்ப எழுது. நாளை யாராவது இறங்கி ஏறி வராமல் போனால், அவர் வீட்டார் வந்து கேட்பதற்கு உன் பெயர் மட்டும் இருக்கக் கூடாது.

கரொலின்